பாட்டில் நின்ற தலைநகர்

சுங்கை பாக்காப்பிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் புக்கிட் மெர்தாஜாமைக் கடந்து மூடா ஆற்றை அடையலாம். ஆற்றின் மறுகரையில் கெடா மாநிலம் தொடங்குகிறது. மேலும் சற்றுத் தொலைவு சென்றால் ஜெராய் மலை தெரியும். அம்மலையின் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றை ஒட்டிப் பரந்து கிடப்பதுதான் பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் கல்வெட்டுகள் ‘கடாரம்’ என்று குறிப்பிடும் நாடு இப்பகுதியே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு.

கடாரம் என்றதும் இந்நாட்டுத் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவன் முதலாம் இராசேந்திர சோழன். ‘கடாரங்கொண்டான்’ என்பது அவன் பெற்ற பட்டங்களுள் ஒன்று. அவனுடைய கப்பற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில் இங்கு வந்தது பலருக்கும் தெரியும். ஆனால், கடாரத்தை வென்ற அந்த அரசன் எந்த நகரில் வீற்றிருந்தான்? அந்நகரம் என்ன ஆயிற்று? இவற்றைப் பலரும் கேட்பதில்லை. தஞ்சாவூர் என்றே பெரும்பாலோர் விடை சொல்வர். அவ்விடை முழுவதும் சரியன்று. தஞ்சை இராசேந்திரனின் தந்தையான முதலாம் இராசராசனின் தலைநகர். இராசேந்திரன் தனக்கென்று ஒரு புதிய தலைநகரை உருவாக்கிக்கொண்டான். அதுவே கங்கைகொண்ட சோழபுரம்.

தமிழ்நாட்டில் இன்றைய அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டம் என்னும் ஊருக்கு அருகில் இவ்வூர் உள்ளது. இராசேந்திரனின் படை வடக்கே சென்று, கலிங்கத்தைக் கடந்து, வங்காளத்தை ஆண்ட பால மன்னன் மகிபாலனை வென்று, கங்கை நீரோடு திரும்பியது. அவ்வெற்றியின் நினைவாகவே ஊர் இப்பெயரைப் பெற்றது. வெற்றி மட்டும் காரணமாக ஒரு தலைநகர் இடம் மாறுவதில்லை. தஞ்சை காவிரி பாயும் வளமான வயல்களுக்கு நடுவே இருந்தது. கோட்டையும் படைவீடும் விரிவதற்கு அங்கே இடம் குறைவு. கொள்ளிடம் ஆற்றுக்கு வடக்கே அமைந்த புதிய நகரில் நிலம் தாராளமாகக் கிடைத்தது. வடக்கிலிருந்து எதிர்த்து வந்த சாளுக்கியரைக் கண்காணிக்கவும் அது ஏற்ற இடம். இவ்வாறு வரலாற்றாசிரியர்கள் விளக்கம் தருகின்றனர்.

கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரை இராசேந்திரன் என்ன செய்தான் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. மன்னர்கள் வெற்றி பெற்ற இடத்தில் கல்லால் தூண் நாட்டுவது வழக்கம். இவனோ ‘சோழகங்கம்’ என்னும் பெரிய ஏரியை வெட்டி, அதையே நீரால் ஆன வெற்றித் தூணாக்கினான் என்று செப்பேடு வருணிக்கிறது. தூண் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும்; ஏரியோ படுத்துக் கிடக்கிறது. ஆயினும் இவ்வருணனை பொருத்தமானதே. கல் தூணை மக்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏரி நீரை வயலுக்குப் பாய்ச்சுவார்கள். அந்த ஏரி இன்று பொன்னேரி என்று அழைக்கப்படுகிறது.

அவனுக்குப் பின் வந்த சோழ மன்னர்களும் இந்நகரிலிருந்தே ஆண்டனர். ஏறத்தாழ 250 ஆண்டுகள், அதாவது 1279இல் சோழர் ஆட்சி முடிவுக்கு வரும்வரை, இதுவே பேரரசின் தலைநகர். ஒரு காலத்தில் இதன் ஆணை தெற்கே ஈழம் முதல் வடக்கே வேங்கி நாடு வரை சென்றது. கல்வெட்டுகளில் இந்நகரின் அரண்மனைகளுக்குச் ‘சோழகேரளன் திருமாளிகை’, ‘முடிகொண்ட சோழன் திருமாளிகை’ போன்ற பெயர்கள் காணப்படுகின்றன.

இன்று அங்கே போகிறவர் அரண்மனையைத் தேடினால் கிடைப்பது ஒரு மண்மேடு. அதன் பெயர் மாளிகைமேடு. சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களும் காது கொடுத்துக் கேட்கத் தக்கவை. உட்கோட்டை என்று ஓர் ஊர். ஆயுதக்களம் என்று மற்றோர் ஊர். மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று இன்னும் சில. கோட்டையின் உட்பகுதி, படைக்கலம் இருந்த இடம், காவலர் குடியிருப்பு, கட்டடத்திற்குச் சுண்ணாம்பு அரைத்த இடம் என்று ஒரு தலைநகரின் வரைபடமே ஊர்ப்பெயர்களாகச் சிதறிக் கிடக்கிறது. அவ்வூர்களில் இன்று உழவர்கள் வாழ்கிறார்கள். அரசு போன பிறகும் பெயர் போகவில்லை.

அரண்மனை ஏன் மண்ணானது? அது செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்டது. கூரை ஓடு வேய்ந்தது. சோழர் காலத்தில் கருங்கல் இறைவனின் வீட்டுக்கே உரியதாக இருந்தது. அரசனும் செங்கல் வீட்டில்தான் வாழ்ந்தான். ஆட்சி முடிந்து, காவல் நீங்கிய பின்னர், வலுவான செங்கற்களைச் சுற்றுவட்டார மக்கள் தங்கள் வீடுகளுக்குத் தோண்டி எடுத்துக்கொண்டனர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உலகில் பாழடைந்த நகரங்கள் பலவற்றுக்கும் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

கற்கோயிலுக்கும் இடர் வந்தது. 1836ஆம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே ஆங்கிலேய அரசு கீழணையைக் கட்டியது. அணைக்குத் தேவையான கருங்கல் அருகிலேயே, கோயில் மதிலாக நின்றது. மதிற்கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. ஊர் மக்கள் எதிர்த்தனர். பெயர்த்த கல்லுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லி அவர்கள் சமாதானப்படுத்தப்பட்டனர். வயல்களுக்கு நீர் தரும் அணையும் வேண்டும், வழிபடும் கோயிலும் வேண்டும் என்ற நிலையில் அன்றைய மக்கள் எதை நினைத்திருப்பார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. மதில் போனாலும் நடுவிலிருந்த விமானம் தப்பியது. விமானம் என்பது கருவறைக்கு மேல் எழும் கோபுரம். இதன் உயரம் 53 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் நேர்க்கோடுகளால் ஆனது. கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். கங்கைகொண்ட சோழபுரத்து விமானமோ மேலே போகப் போக மெல்ல உள்வளைந்து செல்லும். தந்தை கட்டியதைவிட உயரம் குறைவாகவே மகன் கட்டினான் என்பதும் கவனிக்கத் தக்கது.

ஒரு தலைநகரின் புகழ் அதன் அரண்மனையோடு மண்ணில் புதைந்து போக, சமய நூல் ஒன்று அதன் பெயரைக் காத்து வைத்திருப்பது உலக வரலாற்றில் புதிதன்று. மேற்காசியாவில் அசீரியப் பேரரசின் தலைநகராக விளங்கிய நினிவே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கி.மு. 612இல் அழிந்த அந்நகரம் மேடுகளாகிப் போயிற்று. 1840களில் அகழாய்வு நடந்து அரண்மனைகள் வெளிப்படும்வரை, யோனா தீர்க்கதரிசி அனுப்பப்பட்ட நகரமாக விவிலியத்தில்தான் மக்கள் அதைப் பெரிதும் அறிந்திருந்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரைக் காத்த சமய நூல் ஒன்பதாம் திருமுறை.

சைவ சமயத்தின் தமிழ் மறை நூல்கள் பன்னிரு திருமுறைகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. முதல் ஏழு திருமுறைகளாக அமைந்தவை திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தேவாரம். எட்டாம் திருமுறையில் மாணிக்கவாசகரின் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. ஒரு கோயிலுக்குத் தேவாரப் பாடல் இருந்தால் அது ‘பாடல் பெற்ற தலம்’ என்று போற்றப்படும். ஊர் சிறியதா பெரியதா, கோயில் செங்கல்லா கருங்கல்லா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டல்ல.

இங்கேதான் இராசேந்திரனுக்கு ஒரு சிக்கல். மூவர் வாழ்ந்த காலத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்தது அவனுடைய கோயில். எவ்வளவு உயரமாகக் கட்டினாலும், எவ்வளவு பொன்னைக் கொட்டினாலும், தேவாரத்தில் இடம்பெற முடியாது. மறைந்துவிட்ட அடியவரைப் படை அனுப்பி அழைத்து வர இயலுமா?

அக்குறையை நீக்கியவர் கருவூர்த் தேவர். இவர் இராசராசன், இராசேந்திரன் ஆகிய இருவரின் காலத்திலும் வாழ்ந்தவர்; கருவூரில் பிறந்தவர். ஒன்பதாம் திருமுறையாகிய திருவிசைப்பா, திருப்பல்லாண்டு என்னும் தொகுப்பில் ஒன்பது அருளாளர்களின் பாடல்கள் உள்ளன. அவற்றுள் கருவூர்த் தேவர் பாடியவை பத்துப் பதிகங்கள். பதிகம் என்பது ஒரு தலத்து இறைவன்மீது பாடப்படும், பெரும்பாலும் பத்துப் பாடல்கள் கொண்ட தொகுதி. தஞ்சை இராசராசேச்சரத்துக்கு ஒரு பதிகம் பாடிய இவர், கங்கைகொண்ட சோளேச்சரத்துக்கும் ஒரு பதிகம் பாடினார். புதிய தலைநகரின் பெயர் திருமுறைக்குள் புகுந்தது இப்பதிகத்தின் வழியாகத்தான்.

பேரரசன் ஒருவனின் தலைநகரைப் பற்றிய பாட்டு என்றதும், அவன் கடந்த கடலும் வென்ற நாடுகளும் அதில் அணிவகுத்து வரும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். பதிகத்தைப் படிப்பவர் அங்கே வேறொன்றைக் காண்கிறார். முதற்பாடலில் பிரமன் அன்னப் பறவையாகி வானமெங்கும் பறந்து சிவனின் முடியைத் தேடுகிறான், காணவில்லை. அவ்வளவு பெரியவனாகிய இறைவன், சிறியவனாகிய தம்மை விரும்பித் தம் மனத்துக்குள் நுழைந்துவிட்ட எளிமையை எந்நாளும் மறக்க மாட்டேன் என்று புலவர் உருகுகிறார். மற்றொரு பாடல், அண்டமும் ஓர் அணுவாகும்படி பெரியவன், அணுவும் ஓர் அண்டமாகும்படி நுண்ணியவன் என்று இறைவனைப் பாடுகிறது. அதே பாடலில் ஒரு போரும் வருகிறது. ஆனால் அது சோழனின் போர் அன்று. மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு சிவன் மூன்று கோட்டைகளை எரித்த கதை அது. கங்கைப் படையெடுப்பின் ஒரே சுவடு, பாடல்களின் முடிவில் இறைவனை விளிக்கும் அக்கோயிலின் பெயர்தான். வெற்றியைச் சொல்லப் பிறந்த பெயர், பாட்டுக்குள் வந்ததும் இறைவனைக் கூப்பிடும் பெயராகிவிட்டது.

பதிகத்தின் கடைசிப் பாடல் இன்னும் வியப்பானது. அதில் புலவர் தம்மை, உள்ளங்கையில் பிச்சை ஏற்றுத் திரியும் கருவூரன் என்று சொல்லிக்கொள்கிறார். தாம் தொடுத்த இச்சொல்மாலையைப் பாடுவோர் ஆணைச் சக்கரம் ஏந்தி உலகில் அரசு வீற்றிருப்பர். சிவனருட் கடலிலும் திளைப்பர் என்கிறார். அரண்மனை வாசலில் நின்றுகொண்டு, பாடும் எவருக்கும் அரச வாழ்வை வாரி வழங்குகிறார், பிச்சை ஏற்றுத் திரியும் ஒருவர். இராசேந்திரன் இதைக் கேட்டிருந்தால் சினந்திருப்பானா, சிரித்திருப்பானா? கோயிலில் உள்ள ஒரு சிற்பத்தைப் பார்த்தால், அவனுக்கு இது புரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அச்சிற்பம் கோயிலின் வடபுற வாயிலருகே உள்ளது. சிவபெருமான் உமையம்மையோடு அமர்ந்திருக்கிறார். அவருடைய காலடியில் ஓர் அடியவர் கைகூப்பி, தலை தாழ்த்தி இருக்கிறார். சிவன் தம் கையாலேயே அவருடைய தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். அவ்வடியவர் சண்டேசுவரர். பசு மேய்த்த சிறுவனான அவர், மண்ணி ஆற்றங்கரையில் மணலால் சிவலிங்கம் செய்து பாலால் நீராட்டி வந்தார். சினங்கொண்ட தந்தை பாற்குடத்தைக் காலால் இடற, மகன் கையிலெடுத்த கோல் மழுவாகித் தந்தையின் காலைத் துணித்தது. சிவன் தோன்றி, இனி உனக்கு நாமே தந்தை என்று கூறித் தம் மாலையை அவருக்குச் சூட்டினார். இக்கதையைத் தேவாரம் குறிப்பிடுகிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சர். அம்மன்னன் ஆண்ட 12ஆம் நூற்றாண்டிலும் தலைநகர் இதுவே. பன்னிரண்டாம் திருமுறை பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதன் காட்சியொன்று இங்கே கல்லில் அமைந்திருந்தது.

சிவனிடம் மாலை பெறும் அவ்வடியவரின் உருவில் இராசேந்திரனே தன்னைக் காட்டிக்கொண்டான் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறு கொண்டால், பல நாட்டு முடிகளைக் கைப்பற்றிய அரசன், தன் முடியைத் தான் சூட்டிக்கொண்டதாகக் காட்டவில்லை. குனிந்து பெற்றதாகவே காட்டியிருக்கிறான்.

ஆயினும் அவனுடைய மெய்க்கீர்த்தி பேசும் மொழி வேறு. மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் பகுதி. கடலில் பல கலங்களைச் செலுத்தியது, கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்தது, அவன் சேர்த்து வைத்த பெருஞ்செல்வத்தைக் கவர்ந்தது, அழகிய தோரண வாயிலையும் மணிகள் பதித்த கதவுகளையும் கொண்டது என்று அது பெருமிதத்தோடு அடுக்கிச் செல்கிறது. எழுதியவர்களுக்கு அது வெற்றிப் பட்டியல். கடாரத்தில் அன்று வாழ்ந்தவர்களுக்கு அது கொள்ளை. இன்று கெடாவிலும் பினாங்கிலும் வாழும் தமிழ் மாணவர் அக்கல்வெட்டைப் படிக்கும்போது இரண்டு கரைகளிலும் நின்று படிக்க வேண்டியிருக்கிறது.

சோழருக்கும் கடாரத்துக்கும் இருந்த உறவு அப்போரில் தொடங்கவும் இல்லை. அதோடு முடியவும் இல்லை. கடாரத்து மன்னன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை 1006இல் வழங்கியவன் சைவனாகிய இராசராசன். போர் நடந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1090இல் முதலாம் குலோத்துங்கனும் கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளை ஏற்று அவ்விகாரத்துக்கு வரிவிலக்கு அளித்தான். இச்செய்திகளைத் தாங்கிய செப்பேடுகள் நெதர்லாந்து நாட்டு நகரமான லெய்டனின் பெயரால் இன்று அறியப்படுகின்றன. கடாரக் கரையின் பழமையும் சோழர் கப்பல்களுக்காகக் காத்திருக்கவில்லை. செபராங் பிறையில் 1834இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல், 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் பயணம் நலமாக நிறைவேற வேண்டி அது எழுதப்பட்டது. அக்கல்லில் போர் இல்லை. பத்திரமாக ஊர் திரும்ப நினைத்த ஒரு மனிதன் இருக்கிறான்.

மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தி வருகிறது. அகலமான செங்கல் சுவர்களின் அடித்தளங்களும், குவியல் குவியலாகக் கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும் கிடைத்துள்ளன. இவற்றோடு சீன நாட்டுப் பீங்கான் உடைசல்களும் கிடைத்தன. பூஜாங் பள்ளத்தாக்கின் பெங்காலான் பூஜாங்கிலும் சீனப் பீங்கான் உடைசல்கள் ஏராளமாக வெளிப்பட்டிருக்கின்றன. சீனத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே போன கப்பல்களுக்கு மலாக்கா நீரிணைதான் வழி. அவ்வழியில் தங்கிச் செல்லும் துறைமுகம் கடாரம். மெய்க்கீர்த்தியும் பதிகமும் சொல்லாத இந்த வணிகக் கதையை உடைந்த தட்டுகள் சொல்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலையும் தாராசுரம் கோயிலையும் அப்பட்டியலில் சேர்த்தது. ஆனால், இது பார்வையாளர்கள் வந்து போகும் சின்னமாக மட்டும் இல்லை. இங்கே வழிபாடும் நடக்கிறது. ஐப்பசி மாதப் பௌர்ணமி நாளில் இங்கு அன்னாபிடேகம் நடைபெறும். கருவறையிலுள்ள சிவலிங்கம் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமுடையது. மூட்டை மூட்டையாக அரிசியைச் சோறாக வடித்து, அந்த லிங்கத்தின்மேல் சாத்துவார்கள். கருங்கல் மெல்ல மெல்ல வெண்சோற்றுக்குள் மறைந்துவிடும். பிறகு அச்சோறு, உட்கோட்டையிலிருந்தும் ஆயுதக்களத்திலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் வந்து காத்திருக்கும் மக்களுக்கு வழங்கப்படும். இலைகளிலும் பாத்திரங்களிலும் வாங்கிக்கொண்டு, அவர்கள் அந்தப் பெரிய விமானத்தின் நிழலிலேயே அமர்ந்து உண்கிறார்கள்.